ஆகஸ்ட்டிலிருந்து தெரியும்

திருப்பதி கிளப்பில் அருள்குமார் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷத்தில் அவன் ஆடிய ஆட்டங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். மற்ற நாட்களில் அவன் வேலை, ஆட்டத்துக்கு முன்னால் முதல் கோல்கீப்பருக்கு அரை மணி நேரம் பந்து உதைத்துக் கொடுப்பது, பிறகு கிளவுஸைக் கழற்றாமல் தொண்ணூறு நிமிஷமும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. ஃபார்வர்டு களைத்துப்போனால் மாற்றுவார்கள். டிஃபெண்டர் சொதப்பினால் மாற்றுவார்கள். கோல்கீப்பரை யாரும் சும்மா மாற்றுவதில்லை. அவனுக்கு அடிபட வேண்டும், இல்லையென்றால் ரெஃப்ரி அவனுக்குச் சிவப்பு அட்டை காட்டவேண்டும்.

நகரியில் அவன் அப்பா நாகபூஷணம் நான்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் போனில் கத்தித்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் அழைப்பார். "ஆட்னியாடா?" என்பார். "இல்ல நைனா" என்பான் அருள். "செரி, அடுத்த வாட்டி" என்று வைத்துவிடுவார். ஆறு வருஷமாக அந்தப் பேச்சு மாறவே இல்லை.

முதல் கோல்கீப்பர் மாசிலாமணி. குப்பத்துக்குப் பக்கம் சாந்திபுரத்துக்காரன். அருளைவிட நாலு வயது மூத்தவன். கோலில் நின்றுகொண்டு அவன் போடும் கூச்சல் மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும். ஆனால் வெளியே வந்துவிட்டால் பச்சைக் குழந்தை. அருள் கிளப்புக்கு வந்த புதிதில் தங்க இடமில்லாமல் இருந்தபோது, "எங்க ரூமுக்கு வாடா, பாய் ஒண்ணு எக்ஸ்ட்ரா கீது" என்று அழைத்துக்கொண்டு போனவன் அவன்தான். பிறகு மாசிலாமணிக்குக் கல்யாணம் ஆகி, திருப்பதியிலேயே கொர்லகுண்டாவில் தனி வீடு பார்த்துக்கொண்டான். மனைவி ரோஜா பங்காருபாளையத்துப் பெண். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை செய்தாள். வாரத்தில் இரண்டு நாளாவது அருளுக்குச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான்.

இரண்டு கோல்கீப்பர்கள் சிநேகமாக இருப்பதைப் பார்த்து மற்றவர்களுக்கு வேடிக்கை. ஒரு தடவை கோலாருக்கு ஆடப் போகும்போது பஸ்ஸில் ஒரு டிஃபெண்டர் எழுந்து நின்று, "மாசி அண்ணன் வெரலு ஒடியணும்னு இவன் தெனம் ஏழு மலையும் ஏறி வேண்டிக்கினு வர்றான்பா" என்றான். பஸ்ஸே சிரித்தது. மாசிலாமணிதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான். அருளும் சிரித்தான். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் முள்ளாகத் தங்கிவிட்டது. காரணம், அது முழுப் பொய்யல்ல. மூன்றாவது வருஷம் ஒருநாள் மழையில் பெஞ்சில் நனைந்துகொண்டிருந்தபோது அப்படி ஒரு நினைப்பு அவனுக்கு வந்ததுண்டு. வந்த வேகத்திலேயே வெட்கப்பட்டு விரட்டிவிட்டான். அன்றிலிருந்து, அடுத்தவன் இடத்துக்கு அலைகிறவன் என்ற பேர் மட்டும் தனக்கு வந்துவிடக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தான்.

2018 ஆகஸ்ட்டில் சித்தூரில் ஒரு ஆட்டம். வேலூர் அணியின் ஃபார்வர்டு ஆறடி தூரத்திலிருந்து உதைத்த பந்து நேராக மாசிலாமணியின் இடது கண்ணில் அடித்தது. விழுந்தவன் ஒரு நிமிஷம் எழுந்திருக்கவில்லை. அருள் பெஞ்சிலிருந்து எழுந்து ஜாக்கெட்டைக்கூடக் கழற்றிவிட்டான். பிறகு மாசிலாமணி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு எழுந்து நின்றான்; கைகாட்டினான்; ஆட்டம் தொடர்ந்தது. கண் இரண்டு நாள் வீங்கியிருந்தது, வற்றிவிட்டது. எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துக் காலைப் பயிற்சியில் அருள்தான் கவனித்தான். இடது ஓரத்திலிருந்து உயரமாக வரும் கிராஸ்களுக்கு மாசிலாமணி தாமதமாக எழும்பினான். கண் மூடிக்கொண்டு பிடிக்கக்கூடிய பந்துகள் அவை. ஒன்று விரல் நுனியில் பட்டு நழுவியது. இன்னொன்று தலைக்கு மேலே போயே விட்டது. மற்றவர்கள், தூக்கம் போதவில்லை என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் கோல்கீப்பர் தப்பு செய்வதற்கும் பந்தையே பார்க்காமல் இருப்பதற்கும் வித்தியாசம் இன்னொரு கோல்கீப்பருக்குத் தெரியும்.

பயிற்சி முடிந்து குழாயடியில் இரண்டுபேரும் கால் கழுவும்போது அருள் கேட்டான். "இன்னாண்ணா கண்ணு?"

மாசிலாமணி சுற்றிப் பார்த்தான். "கொசு பறக்கற மாதிரி ஒரே புள்ளியா வருதுடா. மேல ஓரத்துல கறுப்பா ஏதோ துணி தொங்கற மாதிரி கீது. செரியாப் பூடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"போனா இன்னா சொல்வான்? ஆடாதேன்னுவான். ஜனவரியில பெங்களூரு கிளப்புகாரங்க ஆள் எடுக்க வர்றாங்கடா. எனக்கு முப்பது ஆயிடுச்சி. இதான் கடைசி. நம்ம கோச்சுக்கு இது தெரிஞ்சா அன்னிக்கே என்னை உக்கார வெச்சிடுவாரு." அருளின் தோளில் ஈரக்கையை வைத்தான். "நான் பெங்களூரு பூட்டா இந்தப் போஸ்ட்டு யாருக்கு? உனக்குத்தான். ரெண்டு பேருக்கும் நல்லதுதானே. யார்கிட்டயும் சொல்லாத. எம்மேல சத்தியம் பண்ணு."

அருள் சத்தியம் செய்தான்.

அதன் பிறகு நான்கு மாதம் இரண்டுபேரும் சேர்ந்து அந்தக் கண்ணை மறைத்தார்கள். அப்படிச் சொல்வதுதான் சரி. மாசிலாமணி உடம்பைச் சற்று இடப்பக்கம் திருப்பி நிற்கப் பழகினான். வலது கண்ணால் இரண்டு பக்கமும் பார்க்க அது ஒரு வழி. அருள், தண்ணீர் பாட்டிலோடு கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் வந்து நிற்பான். கிராஸ் வரும்போது "லெஃப்ட்டு! மேல!" என்று கத்துவான். ரெஃப்ரி துரத்தினால் பெஞ்சுக்குப் போவான், பத்து நிமிஷத்தில் திரும்பி வருவான். மாசிலாமணி நன்றாகவே ஆடினான். இரண்டு ஆட்டத்தில் கோலே விடவில்லை. அந்த ஆட்டங்கள் முடிந்ததும் தன் வேலையும் அதில் பாதி இருக்கிறது என்று அருளுக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் உண்டாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்த ஆறு வருஷத்தில் அவன் தன்னை அவ்வளவு உபயோகமானவனாக உணர்ந்ததில்லை.

சொல்ல ஒரு சந்தர்ப்பம் வராமல் இல்லை. நவம்பரில் கோச் நாகையா அவனைத் தனியாகக் கூப்பிட்டார். நாகையா தெலுங்குக்காரர், பாதி தமிழ், பாதி தெலுங்கு என்று பேசுவார். "ஏம்ரா, மாசிக்கு ஏமைந்தி, என்ன ஆச்சு? பந்துக்கு முன்னாடி தலையைத் திருப்பறான். முந்தி அப்படி இல்லையே. நீ பக்கத்துலயே இருக்கறவன், நிஜம் சொல்லு."

அருளின் வாய்வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோலில் அவன்தான் நிற்பான். அப்பாவிடம் "ஆடினேன் நைனா" என்பான். அதனால்தான் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் எழுந்த சிரிப்பு காதில் கேட்டது. காட்டிக்கொடுத்து இடம் பிடித்தவன் என்று ஊரே பேசும்.

"ஒண்ணும் இல்ல சார். நல்லாதான் கீறாரு" என்றான்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, திருப்பதியில் நெல்லூர் அணியோடு ஆட்டம். மதியம் மூன்று மணி வெயில். முதல் பாதியிலேயே மாசிலாமணி ஒரு கோல் விட்டான். இடப்பக்கமிருந்து மெதுவாக உருண்டு வந்த பந்து. அருள் பின்னாலிருந்து கத்தியும் அவன் அசையவில்லை. இடைவேளையில் மாசிலாமணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இரண்டாம் பாதி தொடங்கிக் கால் மணி ஆகியிருக்கும். பந்து அந்தப் பக்கம் இருந்தபோது அவன் உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மைதானத்தைப் பார்ப்பதை அருள் கண்டான். கையை எடுத்தான். மறுபடி பொத்தினான். பிறகு கோல் கோட்டின் மேலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

ரெஃப்ரி விசில் ஊதினார். நாகையா ஓடினார். நான்குபேர் மாசிலாமணியைத் தாங்கி வெளியே கூட்டி வந்தார்கள். அருளைக் கடக்கும்போது, இடப்பக்கம் நின்ற அவனைக் காணாமல் மாசிலாமணி தலையைத் திருப்பித் திருப்பித் தேடினான். "உள்ள போடா" என்றான், யாரோ இருந்த திசையில்.

அருள் உள்ளே போனான்.

அந்த அரை மணி நேரம் அவன் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் திருப்பதியில் சிலபேர் இருக்கிறார்கள். மூன்று முறை தனியாக எதிரே வந்த ஃபார்வர்டின் காலடியில் விழுந்து பந்தைப் பறித்தான். மேல் மூலைக்குப் போன ஒரு ஃப்ரீ கிக்கை ஒரு கையால் தட்டி வெளியே தள்ளினான். கடைசி நிமிஷங்களில் கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. அவன் உடம்பெல்லாம் புல்லரித்தது. தன் வாழ்நாளில் அவ்வளவு ஆனந்தம் அவன் கண்டதே இல்லை. ஆட்டம் ஒன்றுக்கொன்று என்று முடிந்து, தோழர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு நின்றபோதுதான் மாசிலாமணியின் நினைவு வந்தது. அரை மணி நேரமும் ஒரு தடவைகூட அவனை நினைக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

உடைகூட மாற்றாமல் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நடைபாதையில், ஆட்டத்தைப் பாதியில் விட்டு மாசிலாமணியோடு வந்திருந்த நாகையா நின்றிருந்தார். பெஞ்சில் மாசிலாமணியும், லாட்ஜ் யூனிஃபார்ம் புடவையோடு அப்படியே வந்திருந்த ரோஜாவும். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில் இருக்கும் மெல்லிய திரை அடிபட்டு ஓரத்தில் கிழிந்திருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று இன்றைக்கு நடுப்பகுதியும் கழன்றுவிட்டது. ஆப்பரேஷன் செய்யலாம், ஆனால் பார்வை வரும் என்று நம்பவேண்டாம். "அடிபட்டவுடனே வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம். இத்தனை நாள் ஒண்ணுமே தெரியலையா?"

"தெரியல மேடம். இன்னிக்குத்தான்" என்றான் மாசிலாமணி.

ரோஜா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, புழுதி அப்பிய ஜெர்சியோடு நின்ற அருளைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா அருளு?"

பொய் சொல்ல வந்தது, விழுங்கிவிட்டான். "தெரியும் அண்ணி."

"எப்பத்திலிருந்து?"

"ஆகஸ்ட்டிலிருந்து."

அவள் அழவில்லை, கத்தவில்லை. விரல்விட்டு எண்ணுவதுபோல உதடு அசைந்தது. "வாரத்துல ரெண்டு நாளு வந்து என் கையால துன்னுட்டுப் போன. ஒரு நாளு கூட வாய் வரலயா?"

"அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு. கோச்சுகிட்ட சொன்னா..."

"கோச்சுகிட்ட வேணாம். அவருகிட்ட நீ சொல்ல வேணாம்." ரோஜாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் இன்னா கோச்சா?"

அந்த நான்கு மாதத்தில் அருள் நாகையாவிடம் சொல்வதா வேண்டாமா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறான். நல்லவன் என்பார்களா, காட்டிக்கொடுத்தவன் என்பார்களா என்று தராசு பிடித்திருக்கிறான். ரோஜாவிடம் சொல்லலாம் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை. அவளிடம் சொல்லியிருந்தால் அவள் மறுநாளே புருஷனை இழுத்துக்கொண்டு இங்கே வந்திருப்பாள். இடம் போயிருக்கும், பெங்களூரு போயிருக்கும். கண் இருந்திருக்கும். அவன் யோசித்ததெல்லாம் தன் பேரைப் பற்றித்தான்.

ஆப்பரேஷன் நடந்தது. பார்வை வரவில்லை. பொங்கலுக்கு மறுவாரம் மாசிலாமணியும் ரோஜாவும் வீட்டைக் காலி செய்துகொண்டு பங்காருபாளையத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே ரோஜாவின் அண்ணன் மாங்காய் மண்டி வைத்திருந்தார். பெங்களூருகாரர்கள் சொன்னபடி வந்தார்கள், ஒரு ஆட்டம் பார்த்தார்கள், யாரையும் எடுக்காமல் போனார்கள்.

அருள் முதல் கோல்கீப்பர் ஆனான். அப்பா முதல் தடவையாக நகரியிலிருந்து பஸ் ஏறி வந்து ஆட்டம் பார்த்தார். பாதி கேட்கும் காதோடு கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். கிளப்பில் யாரும் அருளைக் குற்றம் சொல்லவில்லை. சிநேகிதனுக்காக வாயைக் கட்டிக்கொண்டவன், இடம் கிடைக்கும் என்று தெரிந்தும் காட்டிக்கொடுக்காதவன் என்று பெருமையாகத்தான் பேசினார்கள். எந்தப் பேருக்காக அவன் ஏங்கினானோ அந்தப் பேர் வந்துவிட்டது. யாராவது அதைச் சொல்லும்போது அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

அடுத்த கோடையில் ஒருநாள் பங்காருபாளையம் போனான். மாங்காய் சீசன், ரோடு நெடுக டிராக்டர்கள். மண்டியில் லாரிக்குக் கூடை ஏற்றுவதை மாசிலாமணி மேற்பார்வை செய்துகொண்டிருந்தான். அதே பழைய கூச்சல். அருளைக் கண்டதும் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்; தண்ணீர் டம்ளருக்கு ஒரு அங்குலம் தள்ளி மேசையில் விழுந்தது. "தூரம் தெரியல்லடா. ஒத்தக் கண்ணுல எல்லாம் தட்டையா கீது" என்று சிரித்து, டம்ளரின் விளிம்பை விரலால் தொட்டுப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊற்றினான்.

"என்னை மன்னிச்சிடுண்ணா."

"அட போடா. சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினவன் நானு. நீ காப்பாத்தின. இதுல உம்மேல இன்னா தப்பு?"

அருளுக்கு அந்தப் பதிலில் ஆறுதல் கிடைக்கவில்லை. மண்டியை ஒட்டிய வீட்டில்தான் ரோஜா இருந்தாள், வெளியே வரவில்லை.

கொரோனாவில் ஒரு வருஷம் ஆட்டமே இல்லை. அதைக் கழித்தால் அருள் நான்கு பருவம் முதல் கோல்கீப்பராக ஆடினான். நன்றாகத்தான் ஆடினான். ஆனால் டிசம்பர் மாதத்து அரை மணி நேரத்தின் பக்கத்தில்கூட அவனால் மறுபடி வரமுடியவில்லை. பந்தைப் பிடித்துக்கொண்டு எழும்போதெல்லாம் மனதில் சந்தோஷம் எழும். அதை நம்பப் பயந்து அங்கேயே அமுக்கிவிடுவான். அந்த மாதிரி ஆடுகிறவனால் எவ்வளவு ஆட முடியுமோ அவ்வளவு ஆடினான்.

கடைசிப் பருவத்தில், கார்னர் ஒன்றுக்கு எழும்பிய டிஃபெண்டர் ஜெயபிரகாஷின் தலை எதிராளியின் தலையோடு மோதியது. அவன் எழுந்து ஆட்டத்தை முடித்துவிட்டான். ஆனால் பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை வாந்தி எடுத்தான். தான் எந்த ஊரில் ஆடினோம் என்று பக்கத்து சீட்டுக்காரனிடம் கேட்டான். பிறகு அருளிடம், "அண்ணா, சாருக்குச் சொல்லாதே. அடுத்த ஆட்டம் எனக்கு முக்கியம்" என்று கெஞ்சினான்.

அருள் அதே நிமிஷம் எழுந்துபோய் நாகையாவிடம் சொன்னான். அதோடு நிற்காமல் ஜெயபிரகாஷின் மனைவி கன்னிகாவின் நம்பரைத் தேடிப் பிடித்து அவளிடமும் சொன்னான். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை; ஆனாலும் ஒன்றரை மாதம் ஆடக்கூடாது என்றுவிட்டார்கள். முக்கியமான ஆட்டமும் போயிற்று, அடுத்த வருஷத்து ஒப்பந்தமும் போயிற்று. ஜெயபிரகாஷ் அதன்பின் அருளோடு பேசவில்லை. டிரெஸ்ஸிங் ரூமில் இவன் உள்ளே வந்தால் அவன் வெளியே போவான். "நல்லா கீறவனைப் போட்டுக்குடுத்துட்டான்" என்று மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னது அருளின் காதில் விழத்தான் செய்தது. வலித்தது. ஆனால் அன்றைக்கு வந்து படுத்தவன் உடனே தூங்கிவிட்டான்.

அடுத்த வருஷம் முதலாளி கிளப்பை நடத்த இஷ்டமில்லை என்று கலைத்துவிட்டார். அருள் நகரிக்குத் திரும்பினான். இப்போது ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறான். வாரக் கடைசியில் சித்தூரில் மாவட்ட லீகில் ஆடுகிறான். முப்பத்துமூன்று வயதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன.

போன வைகாசியில் மாசிலாமணியின் பெண்குழந்தைக்குக் காது குத்து. மாசிலாமணி போன் செய்து, வராவிட்டால் நகரிக்கே வந்து இழுத்துக்கொண்டு போவேன் என்றான். அருள் போனான். கூட்டத்தில் ஒதுங்கி நின்றுவிட்டு, குழந்தை கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு, பந்தி போடுவதற்குள் நழுவப் பார்த்தான். வாசலில் ரோஜா வழிமறித்தாள். ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அவள் முகத்தை நேராகப் பார்த்து.

"எங்க போற? உக்காந்து துன்னுட்டுப் போ."

"பரவால்ல அண்ணி. எட்டரைக்கு பஸ்ஸு."

"அதுக்கு இன்னும் நேரம் கீது." இலையை அவளே போட்டாள். சாதத்தை வைத்தாள், குழம்பை ஊற்றினாள். அருள் தலையைக் குனிந்துகொண்டு கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நான் மறக்கல அருளு" என்றாள் ரோஜா, தாழ்ந்த குரலில், பக்கத்து இலைக்காரருக்குக் கேட்காமல். "தெனம் அவரு தண்ணி ஊத்தறப்ப எனக்கு ஞாபகம் வருது. மறக்கவும் மாட்டேன். அதுக்காக வூட்டுக்கு வந்தவனைப் பட்டினியா அனுப்பிட முடியுமா? துன்னு."

அவன் சாப்பிட்டான். அவள் அப்பளம் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.